எல்லாமே சூடு இல்லை

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று அத்தைக்கு அலோபியூரினால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் கண் சிவந்தது, வாயெல்லாம் புண். "சூடுதான்டா, வேறென்ன" என்று இளநீர் குடித்தார், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டார். நாலாம் நாள் காய்ச்சலோடு மார்பில் சிவப்புத் திட்டுகள். புடவை உரசினாலே எரிந்தது. அன்றைக்கும் அந்த மாத்திரையை நாங்களே எடுத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்துல புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க?"

மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். அபூர்வம்தான், ஆனால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிடாயினாலும், கிருமித்தொற்றுக்குத் தரும் சல்ஃபா மாத்திரைகளாலும் வரும். பெரும்பாலும் தொடங்கிய முதல் 8 வாரங்களுக்குள். காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோலில் தடிப்பு என்று சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கையில் எடுப்பதற்குள் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

புது மாத்திரைதான் படுத்தும், பழகியது ஒன்றும் செய்யாது என்பதும் தப்பு. பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில் வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும் ஒருநாள் உதடு, நாக்கு வீங்கலாம். மூச்சுப்பாதை அடைத்துவிடும் என்பதால் நேரே 108தான். இதே மாத்திரைகளால் வறட்டு இருமலும் வரும். அது அவசரமில்லை, ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் பாட்டில் பாட்டிலாக சிரப் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை மாற்றினாலே போதும்.

நாம் பயப்படுவதும் பல நேரம் தப்பான இடத்தில்தான். டிபிக்கான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். அதைப் பார்த்து மருந்தையே நிறுத்தக்கூடாது. கண் மஞ்சளாவது, சாப்பாடே பிடிக்காமல் வாந்தி வருவது, இவைதான் உடனே போய்ச் சொல்ல வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருப்பது சகஜம். ஆனால் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுப்பவருக்குத் தார்போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுவது. வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் ப்ராப்ரனலால் இவற்றைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அவருக்கு மருந்தின் பெயர் தெரிய வேண்டுமே! மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். எங்கள் கையில் இருந்த துண்டில் "...னால் 100" மட்டும் மிச்சம். வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேகியம், சூரணம் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பக்கவிளைவை நாமே புகார் செய்யவும் வழியிருக்கிறது: மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம், கட்டணமில்லா எண் 1800-180-3024.

அத்தையின் சுருக்குப்பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது: "அலோபியூரினால் ஆகாது." பல்லுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.