பார்ட்டிஷன் டேபிளை பூட்லோடரிலிருந்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் கல்லூரிப் பையன்கள் கையில் ஆளுக்கொரு சின்ன லினக்ஸ் போர்டு, கூடவே ஒரே புகார்: "அண்ணே, பார்ட்டிஷன் மட்டும்தான் மாத்தினேன், இப்போ கன்சோல்ல ஒண்ணுமே வரல." புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் எடை காட்டும் பெட்டியிலிருந்து கழற்றி வந்த போர்டிலும் இதே கதைதான். பெரும்பாலும் யூ-பூட்டில், அதாவது லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரில், டேபிளை எழுதும் 'ஜிபிடி ரைட்' கட்டளை கொடுத்திருப்பார்கள், கட்டளை வெற்றி என்றும் சொல்லியிருக்கும், ரீசெட் அழுத்திய பிறகுதான் இருட்டு.

முதலில் டேபிள் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். டிஸ்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது என்ற பட்டியல்தான் அது. பழைய எம்பிஆர் முறை 1983-இல் டாஸ் 2.0-உடன் வந்தது. டிஸ்கின் முதல் செக்டாரான 512 பைட்டில் முதல் 446 பைட் பூட் கோடுக்கு, அடுத்த 64 பைட்டில் ஆளுக்கு 16 பைட் வீதம் நாலே நாலு பார்ட்டிஷன், கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற முத்திரை. செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் என்பதால் 512 பைட் செக்டாரில் சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது. அதற்குப் பின் வந்த ஜிபிடி முறையில் செக்டார் 0-இல் ஒப்புக்கு ஓர் எம்பிஆர் இருக்கும், 1-இல் ஹெடர், 2 முதல் 33 வரை 128 பதிவுகள், டிஸ்கின் கடைசியில் ஹெடருக்கும் பதிவுகளுக்கும் ஒரு நகல். எதுவும் கெட்டுப்போனால் தெரிவதற்கு சிஆர்சி கணக்கும் உண்டு.

இது நம்மூர்ப் பெரிய வீட்டுக்குப் பங்காளிகள் எழுதிக்கொள்ளும் பாகப் பத்திரம் மாதிரிதான். பத்திரத்தை மாற்றினால் சுவர் இடியாது, உள்ளே இருக்கும் சாமானும் நகராது. அதே சமயம் பத்திரத்தையே படிக்காத ஒருவர் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால் அதையும் பத்திரம் தடுக்காது. சிப்புக்குள்ளேயே பதித்திருக்கும், கரன்ட் வந்ததும் முதலில் ஓடும் பூட் ராம் (ROM) அப்படிப்பட்ட ஆள். பெரும்பாலான சிப்களில் அது டேபிளைப் பார்ப்பதே இல்லை, தனக்குச் சொல்லிவைத்த செக்டாருக்கு நேராகப் போய் அங்கே இருப்பதை எடுத்து ஓட்டும்.

நான் பார்த்தவரை பாதிக்குமேல் சிக்கல் இங்கேதான். ஆல்வின்னர் சிப்களில் பூட் ராம் தேடும் இடம் 8 கேபி, அதாவது செக்டார் 16. ஜிபிடி பதிவுகள் 2 முதல் 33 வரை என்று மேலே சொன்னேன், இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. நீங்கள் டேபிளை எழுதினீர்கள் என்றால் எஸ்பிஎல், அதாவது பூட் ராம் எடுத்து ஓட்டும் யூ-பூட்டின் முதல் துண்டு, அழிந்தது, அப்புறம் எஸ்பிஎல்லை மறுபடி எழுதினால் டேபிள் கெட்டது. ரீசெட் செய்யும்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் யூ-பூட் ரேமில் இருக்கிறது, அதற்குக் கீழே கார்டில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. இதற்கு வழி உண்டு: பதிவுகளை 56 ஆகக் குறைத்தால் 7168 பைட், சரியாக 14 செக்டார், 15-ஆவது செக்டாரோடு முடிந்துவிடும், 16 தப்பிக்கும். யூ-பூட்டைக் கம்பைல் செய்யும்போதே இந்த எண்ணை அமைத்துக்கொள்ளலாம். எச்3 முதலான பிந்தைய சிப்கள் 128 கேபியிலும் தேடும், எஸ்பிஎல்லை அங்கே வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. ஐ.எம்எக்ஸ்6 சிப்பில் இடம் 1 கேபி, அதாவது செக்டார் 2, அங்கே இப்படி ஒதுங்கவும் வழியில்லை. பேசாமல் எம்பிஆர் போடுங்கள், அல்லது இஎம்எம்சியின் (போர்டிலேயே பதித்த ஃபிளாஷ் மெமரி) தனி பூட் பகுதியில் பூட்லோடரை வையுங்கள்.

ராக்சிப் போர்டுகளில் மோதல் வேறு விதம். முதல் கட்ட லோடர் செக்டார் 64-இல், அதனால் ஜிபிடி தப்பித்தது. ஆனால் யூ-பூட் வழக்கமாக செக்டார் 16384-இல், அதாவது 8 எம்பியில் இருக்கும். "முதல் பார்ட்டிஷனை 1 எம்பியில் தொடங்கு" என்ற பிசி வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் யூ-பூட் அந்தப் பார்ட்டிஷனுக்குள் மாட்டிக்கொள்ளும். டேபிள் எழுதும்போது ஒன்றும் ஆகாது, பூட்டும் ஆகும். ஒரு வாரம் கழித்து யாரோ அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தாலோ, பெரிய ஃபைல் ஒன்றை அதில் போட்டாலோதான் போர்டு சாகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. இந்த போர்டுகளில் 16 எம்பியிலிருந்து தொடங்குங்கள். யூ-பூட் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் பல போர்டுகளில் டேபிளுக்குத் தெரியாத ஒரு மூலையில்தான் இருக்கிறது.

அடுத்தது எண். யூ-பூட்டின் 'எம்எம்சி ரைட்' கட்டளை நீங்கள் கொடுக்கும் எண்ணை ஹெக்ஸ் (பத்துக்குப் பதில் 16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்) என்றே எடுத்துக்கொள்ளும், கேட்காது. செக்டார் 64-க்கு எழுத வேண்டுமென்றால் 40 என்று தட்ட வேண்டும், 64 என்று தட்டினால் அது செக்டார் 100. 16384-ஐ அப்படியே தட்டினால் அது செக்டார் 91012, கிட்டத்தட்ட 44 எம்பி தாண்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் முதல் பார்ட்டிஷனின் நடுவில் போய் விழும். சரியாகத் தட்ட வேண்டியது 4000. வேடிக்கை என்னவென்றால் 'ஜிபிடி ரைட்' கட்டளைக்குக் கொடுக்கும் பட்டியலில் தொடக்கம், அளவு எல்லாம் சாதாரண எண்தான், பின்னால் எம்ஐபி, ஜிஐபி என்று அலகு போட்டுக்கொள்ளலாம். ஒரே கன்சோலில் இரண்டு கணக்கு. இப்படி ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் எரிச்சல்தான்.

அந்தப் பட்டியலை வேரியபிளில் வைக்கும்போது மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பார்ட்டிஷன்களைப் பிரிப்பது அரைப்புள்ளி, யூ-பூட் கன்சோலுக்கோ அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்தது. குறி இல்லாவிட்டால் முதல் துண்டு மட்டும் சேமிக்கப்படும், மிச்சமெல்லாம் தனித்தனி வேரியபிள்களாகப் போய்விடலாம், பிழைச் செய்தி வராமலே கூட. எழுதுவதற்கு முன் 'பிரின்ட்என்வி' போட்டு முழுப் பட்டியலும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அளவுக்கு வெறும் கோடு போட்டால் மிச்ச இடம் முழுவதும் என்று அர்த்தம், அது கடைசிப் பார்ட்டிஷனுக்கு மட்டும்.

எந்த டிஸ்க் என்பதில் குழப்பம் சகஜம். கார்டும் இஎம்எம்சியும் இரண்டும் உள்ள போர்டில் யூ-பூட் கொடுக்கும் 0, 1 என்ற எண்ணும் லினக்ஸ் கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'எம்எம்சி இன்ஃபோ' கொடுத்துக் கொள்ளளவைப் பாருங்கள், போதும்.

யூயுஐடியை, அதாவது ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, மறக்காதீர்கள். பட்டியலில் நீங்கள் தரவில்லை, யூ-பூட்டே புதிதாக உண்டாக்குகிறது என்றால் ஒவ்வொரு முறை டேபிள் எழுதும்போதும் அது மாறும். கெர்னலுக்குப் பழைய பார்ட்யூயுஐடியைச் சொல்லியிருந்தால் அது ரூட் டிவைஸுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், நீங்கள் கார்டு கெட்டுவிட்டது என்று புதுக் கார்டு வாங்கப் போவீர்கள். ஒருமுறை உண்டாக்கி எழுதிவைத்து, அதையே திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

8 ஜிபி இமேஜை 32 ஜிபி கார்டில் அப்படியே ஊற்றினால் நகல் டேபிள் 8 ஜிபி எல்லையிலேயே நின்றுவிடும், லினக்ஸில் 'எஸ்ஜிடிஸ்க் -e' கொடுத்து அதை டிஸ்கின் கடைசிக்கு நகர்த்திவிடலாம். ஜிபிடி இருந்த கார்டில் எம்பிஆர் போடுவதானால் முதலில் இரண்டு முனையையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்முனையில் கிடக்கும் பழைய நகலை ஏதாவது ஒரு மென்பொருள் தேடிப்பிடித்து உயிர் கொடுத்துவிடும்.

கரன்ட் விஷயம் சொல்லவே வேண்டாம். யூ-பூட் முன்முனையை எழுதிவிட்டு அப்புறம்தான் பின்முனைக்குப் போகிறது, நடுவில் கரன்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. போர்டை யூபிஎஸ் உள்ள பிளக்கில் போடுங்கள்.

ரீசெட் அழுத்துவதற்கு முன் 'ஜிபிடி வெரிஃபை' கொடுங்கள், 'பார்ட் லிஸ்ட்' கொடுங்கள். அதோடு பூட் ராம் தேடும் செக்டாரையும் ரேமுக்குப் படித்து ஹெக்ஸ் டம்ப் பாருங்கள். ஆல்வின்னர் என்றால் 16-ஆவது செக்டாரின் தொடக்கத்தில், வலப்பக்க எழுத்து வரிசையில், இஜிஓஎன் என்ற முத்திரை தெரிய வேண்டும். அது இல்லாமல் வரிசையாகப் பூஜ்யம் இருந்தால் ரீசெட் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். யூ-பூட் இன்னும் உயிரோடு இருக்கிறது, யூஎஸ்பியிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ எஸ்பிஎல்லை ஏற்றி அங்கேயே திருப்பி எழுதிவிடலாம். இந்த முறை பதிவுகள் 56 என்று குறைத்த டேபிளை முதலில், எஸ்பிஎல்லைப் பிறகு.