ரிசீவர் வேறு, உத்தி வேறு என்று நினைக்கும் அணிகள்: பேட்ரியாட்ஸ் செய்த தவறுகள்

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2020 மார்ச்சில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை விட்டுப் போனபோது அந்த அணியின் அலமாரியில் ஆறு சூப்பர் பவுல் கோப்பைகள், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில் வென்றவை, இருந்தன. 2023 பருவத்தில் அதே அணி 17 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்றது. பருவம் முழுவதும் எடுத்த புள்ளிகள் 236. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் உள்ள 32 அணிகளில் அந்த ஆண்டு அதற்குக் கீழே ஒருவரும் இல்லை. கரோலைனா பாந்தர்ஸ் மட்டும் அதே எண்ணிக்கையில் நின்றது.

பிரேடி போனார், அணி விழுந்தது என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. 2021இல் புதுமுகக் குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸை வைத்துக்கொண்டு இதே அணி 10 ஆட்டங்களை வென்று, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. ஜோன்ஸ் அந்த ஆண்டு 3,801 கெஜம் வீசினார். பிரேடி இல்லாமலும் வண்டி ஓடியது. அதை நிறுத்தியவை பிறகு செய்த தவறுகள். சில தவறுகளின் வேர் அதற்கும் முன்பே இருந்தது.

அவற்றில் பெரியது, வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரைத் தேர்ந்தெடுப்பதும் உத்தி சொல்வதும் வெவ்வேறு வேலைகள் என்று எண்ணியது. இந்த விளையாட்டில் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், யார் எந்தப் பாதையில் ஓடுவது, யார் தடுப்பது என்று ஒரு பயிற்சியாளர் முடிவு செய்து சொல்கிறார். ரிசீவர் அந்தப் பாதையில் ஓடி, தன்னை ஒட்டி வரும் எதிரணித் தடுப்பாளரிடமிருந்து விலகி ஓரிரண்டு கெஜம் இடைவெளி உண்டாக்க வேண்டும். பந்தைப் பிடிப்பது அதற்கு அடுத்த வேலைதான். இடைவெளியே விழாதபோது குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவார், அடிபடுவார். பார்ப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019இன் முதல் சுற்றில் 32ஆவது இடத்தில் பேட்ரியாட்ஸ் எடுத்த ரிசீவர் என்கீல் ஹாரி. நல்ல உயரம், நல்ல உடற்கட்டு. தடுப்பாளர் மேலே விழுந்து மறித்தாலும் எட்டிப் பந்தைப் பறிப்பதில் கல்லூரிக் காலத்திலேயே பெயர் வாங்கியவர். அந்தத் திறமை உண்மையானதுதான். ஆனால் தடுப்பாளர் எப்போதும் மேலேயே இருக்கிறார் என்றால் ரிசீவர் விலகி ஓடவில்லை என்று பொருள். கல்லூரியில் இது மறைந்துபோகும். என்.எஃப்.எல். தடுப்பாளர்கள் முன் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும். மூன்று பருவங்களில் ஹாரி பிடித்தவை 57 பந்துகள், 598 கெஜம். 2022 ஜூலையில் கடைசிச் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுக்காக அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே டிராஃப்டில் அவருக்குப் பின்னால் டீபோ சாமுவேல் 36ஆவதாகவும், ஏ.ஜே. பிரவுன் 51ஆவதாகவும், டி.கே. மெட்காஃப் 64ஆவதாகவும் போனார்கள். பிரவுன் முதல் பருவத்திலேயே 1,051 கெஜம் எடுத்தார்.

ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டால் அடுத்த முறை எதிர்க்கோடிக்கு ஓடிவிடுவது மனித இயல்பு. 2022இல் அணி 50ஆவதாக எடுத்த டைக்வான் தோர்ன்டன் 40 கெஜத்தை 4.28 விநாடியில் ஓடியவர். இம்முறை வேகம் ஒன்றே அளவுகோலாக இருந்தது. வேகமாக ஓடுபவரைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு அவர் போய்ச் சேரும்வரை குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற, அவர் முன்னால் நின்று எதிரணியை மறிக்கும் தெம்பான தடுப்பு வரிசை இல்லையென்றால் அந்த வேகத்தால் பயன் என்ன? இரண்டு இடம் தள்ளி பிட்ஸ்பர்க் எடுத்த ஜார்ஜ் பிக்கன்ஸ் அடுத்த ஆண்டே 1,140 கெஜம் குவித்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தருபவர் ஜகோபி மேயர்ஸ். ஹாரியை முதல் சுற்றில் எடுத்த அதே 2019இல், டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்டு, பேட்ரியாட்ஸுக்கு வந்து சேர்ந்தவர் இவர். கல்லூரிக்குக் குவார்ட்டர்பேக்காகப் போய் அங்கே ரிசீவராக மாறியவர். பெரிய வேகம் கிடையாது. ஆனால் தடுப்பாளர்கள் எப்படி நகர்வார்கள் என்று படித்து, அவர்களுக்கு நடுவே காலியாகும் இடத்தில் சரியான நொடியில் போய் நிற்பார். 2022இல் 67 பந்துகள், 804 கெஜம். பலர் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக: அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று லாஸ் வேகஸில் 24-24 என்று சமநிலையில் நின்ற ஆட்டத்தின் கடைசி நொடியில் அவர் பின்னோக்கி எறிந்த பந்தை எதிரணியான ரெய்டர்ஸின் சாண்ட்லர் ஜோன்ஸ் பிடித்து ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் எடுத்துவிட்டார். கொடுமையான தவறுதான். அந்த ஒரு எறிதலை வைத்து நான்கு ஆண்டு உழைப்பை அளக்க முடியாது.

அந்த ஆண்டோடு மேயர்ஸின் ஒப்பந்தம் முடிந்தது. அவர் அதே ரெய்டர்ஸிடம் போனார். அவர் இடத்தில் பேட்ரியாட்ஸ் ஏறத்தாழ அதே விலைக்கு ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைக் கொண்டுவந்தது. 2023இல் மேயர்ஸ் 807 கெஜமும் 8 டச்டவுன்களும் எடுத்தார். ஜூஜூ 260 கெஜம், ஒரு டச்டவுன். கையில் இருந்ததை விட்டுவிட்டு அறியாததை வாங்கியதன் கணக்கு இது. தன் குவார்ட்டர்பேக்கின் பார்வை எங்கே போகும் என்று பழகித் தெரிந்த ரிசீவரின் மதிப்பு சந்தை விலையில் தெரிவதில்லை.

இனி உத்தி சொல்லும் பக்கம். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த ஜாஷ் மெக்டேனியல்ஸ் 2022 தொடக்கத்தில் ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். பேட்ரியாட்ஸின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அவர் இடத்துக்கு யாரையும் முறையாக நியமிக்கவில்லை. பொறுப்பு மேட் பட்ரீசியாவிடம் வந்தது. அவர் ஆறு ஆண்டுகள் இதே அணியின் தடுப்பாட்டத்தை, அதாவது எதிரணியை முன்னேறவிடாமல் தடுக்கும் பக்கத்தை, நடத்தியவர். குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்ட ஜோ ஜட்ஜ், உதை ஆட்டப் பிரிவிலிருந்து வளர்ந்தவர். இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் உத்தி சொல்வது ஒரு தனிக் கைத்தொழில்.

அது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சிறிய ஒலிபெருக்கி இருக்கிறது. 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். அதற்குள் களத்தின் நிலை பார்த்து, எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்து, கையில் உள்ள அட்டையிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, நீண்ட சங்கேதப் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் அதை மற்ற பத்துப் பேரிடம் திரும்பச் சொல்லி, வரிசையில் நின்று, எதிரே உள்ளவர்களைப் படிக்க வேண்டும். உத்தி சொல்பவர் ஐந்து விநாடி தாமதித்தால் களத்தில் அந்தப் படிப்புக்கான நேரம்தான் பறிபோகும். பட்ரீசியாவுக்கு இதோடு தடுப்பு வரிசைக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பும் ஐந்து தடுப்பு வீரர்களோடு உட்காருவாரா, குவார்ட்டர்பேக்கோடு பேசுவாரா?

2022 டிசம்பர் 1 அன்று பஃபலோவிடம் 10-24 என்று தோற்ற ஆட்டத்தில், பந்தைத் தொலைவுக்கு வீசவிடுங்கள் என்ற பொருளில் மேக் ஜோன்ஸ் களத்தின் ஓரத்தில் கத்தியது கேமராவில் பதிவானது. இளைஞர் பொறுமையிழந்தார் என்று பேசினார்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று பேர் அவருக்கு மூன்று விதமான ஆட்டம் கற்பித்தார்கள்: மெக்டேனியல்ஸ், பட்ரீசியா, பிறகு பில் ஓ'பிரையன். ஒவ்வோராண்டும் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டு மாணவனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அடிப்பது நியாயமா? 2024 மார்ச்சில் ஆறாம் சுற்றுத் தேர்வுரிமைக்காக அவரையும் ஜாக்சன்வில்லுக்கு அனுப்பினார்கள்.

ரிசீவர்கள் சரியில்லாத ஆண்டு யாருக்கும் வரலாம். அதே 2023இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் வந்தது. முதல் ஆட்டத்திலேயே கடாரியஸ் டோனியின் கைகளில் பட்டுத் தெறித்த பந்தை டெட்ராய்ட்டின் பிரையன் பிராஞ்ச் பிடித்து 50 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார்; சீஃப்ஸ் 20-21 என்று தோற்றது. நவம்பரில் பிலடெல்பியாவுக்கு எதிராக மார்கெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் ஆட்டத்தைத் திருப்பியிருக்கக்கூடிய நீளமான பந்தைக் கோட்டைவிட்டார். டிசம்பரில் பஃபலோவுக்கு எதிராக டோனி பந்து கிளம்பும் முன்பே கோட்டைத் தாண்டி நின்றதால் வெற்றி டச்டவுனே செல்லாமல் போனது.

வித்தியாசம், அங்கே உத்தி சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். இதே டோனியும் இன்னொரு ரிசீவரான ஸ்கை மூரும் முந்தைய சூப்பர் பவுலில் பிலடெல்பியாவுக்கு எதிராக ஆளுக்கொரு டச்டவுன் எடுத்தபோது அவர்களைச் சுற்றி ஒருவரும் இல்லை. பந்து கிளம்பும் முன் உள்ளே ஓடுவதுபோல் காட்டிச் சட்டென்று வெளியே திரும்ப வைத்தார் ரீட். தடுப்பாளர்கள் குழம்பிப் போனார்கள். இடைவெளியை அங்கே பாதி உத்தியே உண்டாக்கிக் கொடுத்தது. 2024 பிப்ரவரி 11 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான சூப்பர் பவுலில் கூடுதல் நேரம், இன்னும் மூன்று கெஜம். ரிசீவர் மீகோல் ஹார்ட்மேன் உள்ளே வந்தார், வெளியே திரும்பினார், தனியாக நின்றார், பிடித்தார். 25-22. மூன்று வாரம் முன்பு பஃபலோவில் எல்லைக்கோட்டருகே பந்தை நழுவவிட்டவரும் அவரேதான்.

பேட்ரியாட்ஸ் இதைப் புரிந்துகொள்ள இன்னோர் ஆண்டு ஆனது. மைக் வ்ரேபல் தலைமைப் பயிற்சியாளராக வந்த 2025 ஜனவரியிலேயே உத்தி சொல்ல ஜாஷ் மெக்டேனியல்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸை ஒப்பந்தம் செய்தார்கள். பல ஆண்டுகளாக இந்த லீக்கில் தடுப்பாளரிடமிருந்து விலகி ஓடுவதற்கே பெயர் பெற்ற ரிசீவர் அவர்.