நெளிந்துபோன மரக்கட்டை அச்சுப்படம்

மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானிய அச்சுப்படம் ஒன்று சட்டத்துக்குள்ளேயே அலை அலையாய் நெளிந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் நான்கு மூலைகளையும் அட்டையில் ஒட்டிவிட்டிருந்தார். ஈரக்காற்றில் தாள் விரியும், வறண்டால் சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் அது எங்கே போகும்?

தண்ணீரில் ஊறவைத்தால் உரிந்து வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானுக்கு இறக்குமதியான சிவப்புச் சாயங்கள் பல, ஈரம் பட்டால் கசிபவை. சட்டம் மறைக்கும் ஓரத்தில் ஈரப் பஞ்சு நுனியை லேசாக ஒற்றினேன். பஞ்சு இளஞ்சிவப்பாகிவிட்டது. ஊறவைக்கும் பேச்சை அத்தோடு விட்டேன்.

படத்தைச் சுத்தமான தாளின் மேல் கவிழ்த்து, பின்புறத்திலிருந்து அட்டையை அடுக்கடுக்காக உரித்தேன். படத்தை அட்டையிலிருந்து பிய்த்தால் கிழிவது படம். அட்டையைப் படத்திலிருந்து பிய்த்தால் கிழிவது அட்டை. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். மூலைகளில் கடைசியாக எஞ்சிய மெல்லிய படலத்தை அப்படியே விட்டுவிட்டேன், அது யாருக்கும் தொந்தரவு தராது.

பிறகு அமிலமற்ற பருத்தி அட்டை. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கோசோ தாள் (மல்பெரி வகை மரப்பட்டை நாரில் செய்யும் ஜப்பானியத் தாள்) துண்டுகள், கோதுமை ஸ்டார்ச் பசையில் ஒட்டியவை. கீழ்ப்பக்கம் தளர்வாகத் தொங்குகிறது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் தடித்த அட்டைச் சட்டம். சில வாரங்களில் நெளிவு பெரும்பாலும் தணிந்தது. நீல நிற வானத்தருகே ஒரு சிறு மேடு மட்டும் இன்னும் இருக்கிறது.