பழைய காருக்குப் பாலிஷ்: முதலில் பேடைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. முரட்டு நம்பரில் ஆரம்பித்து, படிப்படியாக நைஸாக்கி, கடைசியில் முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவார்கள். காருக்கும் அப்படித்தான் என்று காம்பவுண்டை (கீறல் எடுக்கும் முரட்டுப் பாலிஷ்) எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். கல் பலகை 18, 20 மில்லிமீட்டர் கனம். காரின் கம்பெனி பெயின்ட், அடிப்பூச்சான பிரைமர் முதல் மேலே இருக்கும் நிறமில்லாத க்ளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இல்லை அதைவிடக் கொஞ்சம் மேலே. தேய்த்தது திரும்பி வராது. அதனால் மென்மையானதில் தொடங்குங்கள், போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுங்கள்.

என் சிவப்பு மாருதி 800-ஐ முன்பு ஒரு கடையில் விட்டேன். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மிஷினில் கம்பளி பேடை (மிஷின் முனையில் மாட்டித் தேய்க்கும் வட்டத் திண்டு) போட்டு ஓட்டியதில் பானெட் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பிரைமர் தெரிந்துவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெலிசாக இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மிஷினைத் தொடவே கூடாது.

முதலில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஒரு மூலையில் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் மேலே க்ளியர் கோட் இல்லாத பெயின்ட். என்னுடையதில் துணி குங்குமம் பட்டதுபோல ஆனது. வெளுத்த மேல்தோல் போய்விட்டால் அடியில் நல்ல நிறம் இருக்கும், ஆனால் அந்தத் தூள் பேடைச் சீக்கிரம் அடைத்துவிடும், மூன்று நான்கு பேட் கையில் வேண்டும். க்ளியர் கோட் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, பெயின்ட் அடிப்பதுதான் வழி.

குவாரித் தூசி படிந்த காரை நன்றாகக் கழுவி, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டி, கை வைத்தால் வழுவழுப்பாக இருக்கும்வரை மிஷினை எடுக்காதீர்கள்.

இப்போது பேட். ஒரே பாலிஷ் மென்மையான ஃபோமில் பளபளப்பு மட்டும் தரும், கெட்டி ஃபோமில் கீறலை எடுக்கும், மைக்ரோஃபைபர் பேடில் இன்னும் வேகமாக அறுக்கும், கம்பளி எல்லாவற்றையும்விட வேகம். அதனால் பாட்டிலைவிடப் பேடுக்குத்தான் நான் அதிகம் யோசிப்பேன். நிறத்தை நம்பி வாங்காதீர்கள்: மெகுயர்ஸ் கம்பெனியில் கறுப்பு ஃபோம் கடைசிப் பளபளப்புக்கு, த்ரீஎம் கம்பெனியில் கறுப்பு அதற்கு முந்தைய படி, கடைசிக்கு நீலம். வீட்டில் செய்கிறவர்களுக்கு டி.ஏ. மிஷின் (சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்ஷன் வகை) போதும், சூடு ஏறிப் பெயின்ட் எரியும் ஆபத்து ரோட்டரியைவிடக் குறைவு.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, நடுத்தர ஃபோமில் நைஸ் பாலிஷ் நான்கைந்து சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை மெதுவாக ஓட்டுங்கள். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் மிச்சமிருந்தால் அதே பாலிஷோடு கெட்டி பேட், அதிலும் போகாவிட்டால்தான் காம்பவுண்ட். சில பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், ஆகவே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்த பிறகுதான் முடிவு செய்யுங்கள். ஆழக் கீறலை விட்டுவிடுங்கள், அதைத் துரத்தினால் பெயின்ட்தான் தீரும்.

எல்லாம் நிழலில், தகடு ஆறிய பிறகு, நம் ஊர் ஏப்ரல் வெயிலில் என்றால் விடியற்காலையில்தான். ஒவ்வொரு பானலுக்குப் பிறகும் பேடைப் பிரஷால் தட்டிவிடுங்கள். காம்பவுண்ட் பட்ட பேடை நைஸ் பாலிஷுக்குத் தொடாதீர்கள். முடிந்ததும் பாதுகாப்புக்கு வாக்ஸ் அல்லது சீலண்ட் ஒரு கோட். அப்புறம் போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடுங்கள், வெயிலில் காய்ந்த உப்புப் புள்ளிகளை எடுக்கத்தான் எனக்கு மறுபடி மிஷின் தேவைப்பட்டது.