சிபாப் போட்ட குழந்தையின் மூக்கில் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

புதுச்சேரியில் பச்சிளங்குழந்தை ஐசியூவுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்காக எழுதுகிறேன். கடலூர், பண்ருட்டியிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களும் படிக்கலாம்.

சிபாப் என்பது குழந்தையின் மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் தொடர்ந்து காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி. அதைப் போட்டால் முதலில் பாதிக்கப்படுவது இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே இருக்கிற சின்னத் தண்டு. 30 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு மேல்தோல் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது, அதனால் பிராங்ஸ் (மூக்குத் துவாரங்களில் பொருத்தும் இரட்டைக் குழாய்) அங்கே அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, தோல் சிவந்து, அப்புறம் கறுத்து, கவனிக்காமல் விட்டால் தண்டே அரித்துப்போய் மூக்கின் வடிவம் மாறிவிடும்.

காற்று கசிகிறது, தண்ணீர் பாட்டிலில் பபிள் வரவில்லை என்றதும் கை தானாகப் பட்டையை இறுக்கப் போகும். தயவுசெய்து இறுக்காதீர்கள், என்னைக் கேட்டால் பாதிப் புண் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அளவைப் பாருங்கள். பிராங்ஸ் துவாரத்தை நிறைக்க வேண்டும், ஆனால் ஓரத்துத் தோல் வெளுத்தால் அது பெரிது. சின்னதாகப் போட்டால் பாதுகாப்பு என்றும் இல்லை, அது உள்ளே ஆடி ஆடி உரசும், காற்றும் கசியும். அடுத்து, பிராங்ஸைப் பிடித்து நிறுத்தும் தொப்பி. அது தலையோடு பொருந்தாமல் லூசாக இருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் பிராங்ஸ் நிற்காது. பிராங்ஸின் அடிப்பாகத்துக்கும் தண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஹைட்ரோகொலாய்டு துண்டை (தோலைக் காக்கும் மெத்தென்ற ஒட்டுப் படலம்) மூக்கு நன்றாக இருக்கும்போதே, முதல் தடவை மாட்டும்போதே ஒட்டிவிடுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். அது இருக்கிறதே என்று மூக்கைப் பார்க்காமல் விடக்கூடாது. 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்து, கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் பிராங்ஸையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போடுங்கள், இரண்டும் அழுத்தும் இடம் வேறு. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் தண்ணீர் தீர்ந்தால் சளி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை உரிக்காமல் சலைன் சொட்டு விட்டு ஊறவைத்து எடுங்கள். பிளாஸ்டரையும் நனைத்து மெதுவாகத்தான் எடுக்க வேண்டும்.

அம்மாக்களே, மூக்கில் தேங்காய் எண்ணெயோ பவுடரோ தடவ வேண்டாம், ஒட்டியது நழுவிவிடும். கங்காரு முறையில் நெஞ்சோடு வைத்திருக்கும்போது டியூப் மூக்கை இழுத்தாலோ, மூக்கு மேல்நோக்கித் தூக்கினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்க மாட்டோம்.

கழற்றிய பிறகும் சிவப்பு மறையவில்லையா? அடுத்த ஷிஃப்ட்டுக்கு விடாமல் எழுதிவைத்து, அப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.