விதையிலிருந்து கோன்ஃபிளவர் வளர்க்கிறது எப்படி?

நாங்க இருக்கிறது இல்லினாய்ல, சிகாகோ பக்கம். தக்காளி, வெண்டைக்காய்னு வருஷா வருஷம் புதுசா நடுறதோட, ஒரு தடவை நட்டா தானே திரும்பத் திரும்ப துளிர்த்து வர்ற பூச்செடியும் இருக்கட்டும்னு ஆரம்பிச்சதுதான் இந்த ஊதா கோன்ஃபிளவர், அறிவியல் பேர் எக்கினேசியா பர்ப்யூரியா, இந்த மண்ணுக்கே சொந்தமான செடிங்கிறதால இங்க அடிக்கிற குளிர் அதை ஒண்ணும் செய்யாது.

விதை வாங்கும்போதே ஒத்தை அடுக்குப் பூவா பார்த்து வாங்குங்க. அடுக்கடுக்கா பந்து மாதிரி இருக்கிற ரகம் படத்துல அழகா இருக்கும், ஆனா தேனீக்கு அதுல சாப்பாடு கம்மி. நடுக்கூம்புல இருக்கிற நூத்துக்கணக்கான குட்டிப் பூவுலதான் தேனும் மகரந்தமும் இருக்கு, சுத்தியிருக்கிற இதழ் வெறும் அழைப்புதான்.

மார்ச்ல விதையை ஒரு கைப்பிடி ஈரமணல்ல கலந்து (பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது) ஜிப்லாக் கவர்ல போட்டு, தேதி எழுதி, ஃப்ரிட்ஜ்ல 4லேர்ந்து 6 வாரம் வைங்க. ஃப்ரீசர் வேண்டாம். காட்டுல குளிர்காலம் பூரா பனிக்கடியில கிடந்துதானே இது முளைக்குது, அந்தக் குளிரைத்தான் நாம குடுக்கிறோம். இதெல்லாம் முடியாதுன்னா நவம்பர்லயே தோட்டத்துல தூவிடுங்க, மிச்சத்தை பனி பார்த்துக்கும்.

அப்புறம் தொட்டி மண்ணுல விதைச்சு, மேல லேசா மண் தூவுங்க, கால் இஞ்சுக்கு மேல புதைக்காதீங்க. ரெண்டு மூணு வாரத்துல முளைச்சிடும். நாத்து கொஞ்சம் தேறி, பனி பயமும் போனதும், ஒண்ணரை அடி இடைவெளி விட்டு தரையில நடுங்க. 6 மணி நேரமாவது வெயில் வேணும், தண்ணி தேங்கக்கூடாது. உரத்தை அள்ளிக் கொட்டினா நெடுநெடுன்னு வளர்ந்து சாய்ஞ்சிடும், ஒரு கை கம்போஸ்ட் போதும். இளஞ்செடியை முயல் விடாது, சுத்தி கோழிவலை கட்டிடுங்க.

முதல் வருஷம் பெரும்பாலும் இலை மட்டும்தான், தயவுசெஞ்சு பொறுத்துக்கங்க. குளிர்காலத்துல மேல எல்லாம் காய்ஞ்சு போகும். அடுத்த ஏப்ரல்ல செத்துப்போச்சுன்னு நினைச்சு நான் ஒரு செடியை மண்வெட்டியால பேர்த்து எடுத்துட்டேன், பார்த்தா வேர்க்கட்டையில சின்னதா ஒரு பச்சை முளை, மனசே ஆறலை. அதனால ஒவ்வொரு செடி பக்கத்துலயும் ஒரு குச்சி நட்டு வைங்க, மே மாசம் வரை அந்த இடத்தைத் தோண்டாதீங்க.

ரெண்டாம் வருஷம் ஜூலைல காலையில சீக்கிரம் போய்ப் பாருங்க. கூம்புல குட்டிப் பூக்கள் ஓரத்துலேர்ந்து உள்பக்கமா வளையம் வளையமா விரியும், அந்த மஞ்சள் வளையத்தை விட்டு விலகாம ஒரு பம்பிள்பீ (உருண்டையா, ரோமமா இருக்கிற பெரிய தேனீ) சுத்திச் சுத்தி நடக்கும், சிலது ராத்திரி பூவுலயே தூங்கிட்டு உடம்பெல்லாம் பனித்துளியோட அசையாம இருக்கும். பூச்சிமருந்து மட்டும் அடிச்சிடாதீங்க.

பூ பச்சையா, கோணல்மாணலா, பூவுக்குள்ளேர்ந்து இலை முளைச்ச மாதிரி வந்தா அது ஆஸ்டர் யெல்லோஸ், தத்துப்பூச்சி பரப்புற நோய், மருந்து கிடையாது, வேரோட பிடுங்கி குப்பையில போட்டுடுங்க.

செப்டம்பர்ல பூ காய்ஞ்சதும் எல்லாரும் கத்தரியைத் தூக்குவாங்க, நீங்க வெட்டாதீங்க, அந்த விதைக்குத்தான் கோல்ட்ஃபிஞ்ச் குருவி கூட்டமா வரும். அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில காய்ஞ்ச தண்டை வெட்டும்போதும் ஒரு அடித் தண்டை அப்படியே விடுங்க, அதோட உள்சோறைக் குடைஞ்சு சின்ன தச்சுத் தேனீ முட்டை வைக்கும்.