க்ரைம் பாட்காஸ்ட் கேட்டுவிட்டு நாமே தீர்ப்பு சொல்லும் முன்

‘சீரியல்’ முதல் சீசனை மூன்று முறை முழுதாகக் கேட்டிருக்கிறேன். டிவி தொடரைச் சொல்லவில்லை, 2014 அக்டோபரில் சாரா கோனிக் தொடங்கிய அமெரிக்க பாட்காஸ்ட், மொத்தம் 12 எபிசோட். 1999-இல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற 18 வயது மாணவி கொல்லப்பட்டார், அவருடைய முன்னாள் காதலர் அத்னான் சையத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அந்த வழக்கைத்தான் அது திரும்பத் தோண்டுகிறது. முதல் முறை கேட்டு முடித்தபோது அத்னான் நிரபராதி என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். இரண்டாவது முறை நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கேட்டேன், அந்த உறுதி கரைந்துவிட்டது. எது ஆதாரம், எது கதை சொல்லும் விதம் என்று பிரிக்க மூன்றாவது முறைதான் பிடிபட்டது. வழியில் நான் செய்த தவறுகளை நண்பர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் வருவது வரிசை. நாம் எதை முதலில் கேட்கிறோமோ அதற்கு மனசு கூடுதல் எடை கொடுத்துவிடுகிறது. சாரா எப்படித் தொடங்குகிறார் பாருங்கள்: ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று சில இளைஞர்களிடம் கேட்கிறார், அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. அதே முதல் எபிசோடில், அன்று மதியம் அத்னானை நூலகத்தில் பார்த்ததாகச் சொல்லும் ஒரு மாணவி வருகிறார், அத்னானின் வக்கீல் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளவே இல்லை என்றும் தெரிகிறது. இந்த இரண்டையும் கேட்ட பிறகு நடுவில் நிற்க யாரால் முடியும்? ஆனால் ஹே காணாமல்போன ஜனவரி 13 சாயங்காலமே போலீஸ் அத்னானின் செல்போனுக்கு அழைத்து, ஹேயைப் பார்த்தாயா என்று விசாரித்திருக்கிறது. அப்படியொரு நாள் எல்லா நாளையும் போல மறந்துபோகுமா என்ற கேள்வி, தொடக்கத்திலேயே வந்திருந்தால் வேறு மாதிரி உறைத்திருக்கும். ஜூரி இதே விஷயங்களைத் தலைகீழாகக் கேட்டது, முதலில் அரசுத் தரப்பு, அப்புறம்தான் மறுப்பு. அதனால் எபிசோட் வரிசையை விட்டுவிட்டு, தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ஜனவரி 13 காணாமல்போனது, பிப்ரவரி 9 லீக்கின் பூங்காவில் உடல் கிடைத்தது, பிப்ரவரி 28 கைது.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் ‘வந்தான்’ வேறு, ‘வந்தானாம்’ வேறு. ஆங்கிலத்தில் கேட்ட கதையை நண்பர்களிடம் தமிழில் சொல்லும்போது அந்த ‘ஆம்’ எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது, யாரோ ஒருவர் சொன்னது நம் வாயில் நடந்த சம்பவமாக மாறிவிடுகிறது. நூலகத்தில் பார்த்தாராம். குழி தோண்டினார்களாம். உடலைக் காட்டினாராம். இப்படி எழுதினால் சொன்னது யார், எப்போது, யாரிடம் என்று கை தானாக நிற்கும். என் நோட்டில் இந்த ‘ஆம்’ இல்லாமல் நின்ற வாக்கியங்கள் பத்துகூடத் தேறவில்லை.

அப்படி நின்றவற்றில் ஒன்று செல்போன் பதிவு, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். எந்த நேரத்துக்கு எந்த டவர் அழைப்பை எடுத்தது என்று அதில் இருக்கிறது. ‘போன் அங்கே இருந்தது’ என்று அதில் எங்கும் இல்லை. ஒரு டவர் பல திசைகளாகப் பிரித்து ஒரு பெரிய பரப்புக்கு சிக்னல் கொடுக்கும், மேடு பள்ளம், கட்டடம், நெரிசல் எல்லாம் சேர்ந்துதான் எந்த டவர் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும், எப்போதும் பக்கத்து டவர்தான் என்று சொல்ல முடியாது. அரசுத் தரப்பு பெரிதாக நம்பியது அன்று இரவு 7:09-க்கும் 7:16-க்கும் பதிவான இரண்டு அழைப்புகளை, இரண்டையும் எடுத்தது லீக்கின் பூங்காவை ஒட்டிய டவர். ஆனால் இரண்டுமே உள்ளே வந்த அழைப்புகள். போன் கம்பெனி அந்தப் பதிவோடு அனுப்பிய ஃபேக்ஸின் மேல்தாளில், வெளியே போன அழைப்புகளை மட்டும்தான் இடம் அறிய நம்பலாம், உள்ளே வந்தவற்றை அதற்கு நம்பக் கூடாது என்று அச்சாகியிருக்கிறது. பாட்காஸ்ட் முடிந்த பிறகுதான் இதைச் சிலர் கவனித்துப் பெரிதாக்கினார்கள்.

உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் தவறுதான். ‘நம்ப முடியாது’ என்றால் அந்த அழைப்புகளை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான், போன் பூங்காவில் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான வாக்குவாதங்கள் நடக்கின்றன.

அடுத்தது பொய் சொன்ன சாட்சி. உடலைப் புதைக்க அத்னானுக்கு உதவினேன் என்று சொன்ன அவருடைய நண்பர் ஜே, போலீசிடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு கதை சொல்கிறார், இடம் மாறுகிறது, நேரம் மாறுகிறது. சிலர் இவர் சொன்ன எதையும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள், சிலர் அடிப்படைக் கதை மாறவில்லையே என்று முழுதாக ஏற்கிறார்கள். இரண்டும் சோம்பேறித்தனமான வழி. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எடுத்து, வேறு எதோடு இது பொருந்துகிறது, இவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்க வேண்டும். ஹேயின் கார் நிற்கும் இடத்துக்கு போலீசை அழைத்துப் போனது அவர்தான், அது கனமான துண்டு, அந்த இடம் போலீசுக்கு முன்பே தெரியுமோ என்று சந்தேகிப்பவர்களும் அதன் கனத்தை உணர்ந்துதான் சந்தேகிக்கிறார்கள். இன்னொரு பக்கம், கோர்ட்டில் ஏழு மணி வாக்கில் புதைத்ததாகச் சொன்னவர், 2014 டிசம்பரில் ஒரு பேட்டியில் நள்ளிரவை ஒட்டி என்கிறார். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நள்ளிரவு என்பது உண்மையானால் 7:09 அழைப்பு எந்த டவரில் விழுந்தது என்பதற்கே இந்தக் கதையில் வேலை இல்லாமல் போகிறது. டவர் சாட்சியைத் தாங்குகிறது, சாட்சி டவரைத் தாங்குகிறார் என்றுதான் வழக்கு நின்றது. இரண்டு ஆதாரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும்போது அவற்றைத் தனித்தனி இரண்டாக எண்ணிவிடக் கூடாது.

பரிசோதனை செய்துபார்க்கும் காட்சிகளிலும் மயங்க வேண்டாம். பள்ளி விட்டது 2:15, அரசுத் தரப்பின் கணக்குப்படி 2:36-க்குள் கொலை முடிந்துவிட்டது. 21 நிமிடத்தில் இது நடக்குமா என்று சாரா காரில் போய்ப் பார்க்கிறார், இழுத்துப் பிடித்து முடிகிறது. கேட்கும்போது நமக்கே மூச்சு வாங்குகிறது. ஆனால் முடியும் என்பது நடந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

குரல் விஷயம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சிறையிலிருந்து அத்னான் போனில் பேசுகிறார், நிதானமான குரல், சிரிக்கிறார், சில நேரம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நேர்மை என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார், நடிப்பு என்று இன்னொருவர். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது, காதில் விழுந்த தொனியை வைத்து ஒரு மனிதனைப் படித்துவிட்டதாக நினைக்கிறோம். ஹேயின் பேச்சை நாம் அப்படிக் கேட்கவே இல்லை, டைரி வரிகளை வேறொருவர் வாசிக்கிறார். அவருடைய குடும்பம் பாட்காஸ்டில் பங்கெடுக்கவில்லை.

தீர்ப்புகளை அரைகுறையாகப் பிடித்துக்கொள்வதும் நிறைய நடக்கிறது. 2022 செப்டம்பரில் தண்டனை ரத்து, அக்டோபரில் வழக்கு வாபஸ், அத்தோடு பலருக்குக் கதை முடிந்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்றது, ஏனென்றால் விசாரணைக்கு நேரில் வர ஹேயின் சகோதரருக்குப் போதிய அவகாசம் தரப்படவில்லை. 2024 ஆகஸ்டில் மேரிலாண்ட் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அதை உறுதிசெய்தது. 2025 மார்ச்சில், குற்றம் நடந்தபோது 17 வயது என்பதால் பொருந்தும் ஒரு சட்டத்தின்படி, அனுபவித்த தண்டனை போதும் என்று நீதிபதி விட்டுவிட்டார், அதனால் அத்னான் வெளியே இருக்கிறார், குற்றவாளி என்ற தீர்ப்பும் அப்படியே இருக்கிறது. ‘கோர்ட்டே விடுவித்துவிட்டது’ என்று சொல்வதற்கு முன், எந்தக் கோர்ட், எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் சாட்சிகளின் வீடு, வேலை எல்லாம் தேடி எடுத்துப் போட்டார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அது எந்த விதத்திலும் ஆராய்ச்சி கிடையாது.

என் நோட்டில் கடைசியாக ஹேவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். லாக்ராஸும் ஹாக்கியும் ஆடுவார், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பகுதிநேர வேலை. அன்று பள்ளி விட்டதும் உறவுக்காரக் குழந்தையை அதன் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டிய பொறுப்பு அவருடையது. அவர் அங்கே வந்து சேரவில்லை என்பதிலிருந்துதான் வீட்டாருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. 2:36, 7:09 எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த நாளிலேயே மிக உறுதியான நேரக்குறிப்பு, காத்திருந்த அந்தக் குழந்தை, அதை நான் மூன்றாவது முறைதான் எழுதிக்கொண்டேன்.